சம்பா வயலில் வெந்த மண்

கல்லைப் படித்தவனைக் கல்லே இல்லாத ஊருக்கு அனுப்பினார்கள். அரசாங்கம் என்றால் அப்படித்தான். நிலவியல் படித்து முடித்து நிலத்தடி நீர்ப் பிரிவில் வேலை கிடைத்ததும், சேலமோ தர்மபுரியோ கிடைக்கும், மலை மலையாக ஏறி இறங்கலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். வந்த உத்தரவில் மன்னார்குடி என்று இருந்தது. அங்கே முந்நூறு அடிக்குத் துளை போட்டாலும் களிமண், மணல், மறுபடி களிமண். எல்லாம் காவிரி கொண்டுவந்து கொட்டியது. தெருநாய் துரத்தினால் எடுத்து எறிய ஒரு கல் அகப்படாது. நாகூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அத்தா, "எங்க மூஸாவை அவன் படிச்ச படிப்புக்குத் தகுந்த ஊராப் பாத்துத்தான் போட்டிருக்காங்க" என்று கடைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலில் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. இந்த மண்ணில் ஒரு கல் கிடந்தால் அது எங்கிருந்தோ வண்டி ஏறி வந்திருக்க வேண்டும். கோயில் தூண், குளத்துப் படி, வயல் எல்லைக்கல், ஆட்டுக்கல், அம்மி எல்லாமே என்னைப் போல வெளியூர் ஆசாமிகள். எந்த மலையில் பிறந்தாய், எவ்வளவு சூடு பார்த்தாய் என்று விசாரிக்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. தாராசுரம் கோயிலில் ஊரே சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தூணுக்கடியில் உட்கார்ந்து லென்ஸை வைத்துக் கல்லின் மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூணைச் சுரண்டுகிறேன் என்று நினைத்துக் காவலாளி விரட்டிவிட்டார்.

இந்தப் பழக்கம்தான் என்னைக் கண்ணாத்தாளிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். நெடுங்கரையில் சோதனைக் கிணறு போடப் போன எங்கள் லாரி மழையில் அச்சு வரை புதைந்துவிட்டது. அதை இழுக்க ஆள் வரும் வரை எனக்கு வேலை இல்லை. வாய்க்கால் கரையோடு நடந்துகொண்டிருந்தேன். கரைமேல் நாலு மூங்கிலை நட்டு, கீற்றைப் போட்டு, ஒரு குடும்பம் ஒண்டிக்கொண்டிருந்தது. வெளியே ஓர் அம்மி மழையில் நனைந்து கிடந்தது. நனைந்த கல்லில் மணிகள் பளிச்சென்று தெரியும். கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய கல். வரிகளுக்கு நடுவே துவரம்பருப்பு அளவில் சிவப்புப் புள்ளிகள். விடுவேனா? சேற்றிலேயே மண்டி போட்டு லென்ஸை எடுத்தேன்.

"யாரு சார் அது? அம்மியில என்ன தேடுறீங்க?"

கீற்றுக்கடியிலிருந்து ஒரு பெண் குனிந்து வெளியே வந்தாள். தலையில் கோணியை மடித்துப் போட்டிருந்தாள். நான் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினேன்.

"மொளகான்னு நெனச்சீங்களா? நல்லாத் தேச்சுக் கழுவித்தான் வச்சிருக்கேன். அது கல்லோடயே இருக்குற செவப்பு."

"தெரியும்மா. இதுக்குப் பேரு கார்னெட். இந்தக் கல்லு முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு தெரியுமா? சேறு. உங்க வயல்ல கெடக்குதே, இதே மாதிரி சேறு."

அவள் என்னையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. லாரிக்காரர்கள் இந்த ஆளைத் தனியாக விடலாமா என்று யோசித்திருப்பாள்.

என்னிடம் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், பிறகு நிறுத்துவது கஷ்டம். சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சேறு படிகிறது. அதன்மேல் இன்னும் படிகிறது. மைல் கணக்கில் மண் மேலே ஏறி அழுத்த, பூமிக்குள்ளே இருக்கும் சூடும் சேர்ந்துகொள்ள, களிமண்ணிலுள்ள கனிமங்களால் பழையபடி இருக்க முடிவதில்லை. தங்களுக்குள் கட்டிவைத்திருந்த தண்ணீரை முதலில் விடுகின்றன. பிறகு உள்ளே இருக்கும் அணுக்கள் இடம் மாறி, பழைய கூட்டை விட்டுப் புதுக் கூட்டுச் சேர்ந்து, வேறு கனிமமாகின்றன. லேசான சூட்டில் பச்சைத் தகடு போல ஒன்று. இன்னும் ஏறினால் கறுப்பு மைக்கா. அதற்கும் மேலே போனால் இந்தச் சிவப்புக் கார்னெட். இதில் அதிசயம் என்னவென்றால் கல் எந்த இடத்திலும் உருகுவதே இல்லை. கெட்டியாக இருந்தபடியே உள்ளுக்குள் அத்தனையும் மாறிப்போகிறது. எங்கள் படிப்பில் இதற்கு உருமாற்றம் என்று பெயர்.

"அவ்வளவு ஆழத்துல இருக்குற சூட்டை யாரு போய்ப் பாத்தா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. என் வகுப்பில் ஒருவனும் அதைக் கேட்டதில்லை. "யாரும் போகலை. எந்தக் கனிமம் எந்தச் சூட்டுல உண்டாகும்னு சோதனைச்சாலையில பாத்து வச்சிருக்காங்க. அதனால கனிமத்தைப் பாத்தா சூடு தெரியும். கல்லு அப்புறம் ஆறிப்போனாலும் பெரும்பாலும் பழையபடி சேறாகாது. பட்ட சூட்டுக்கு அதுவே சாட்சி."

அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆகவே நான் பாடப்புத்தகத்து அடுத்த அத்தியாயத்துக்குத் தாவினேன். சில இடங்களில் பூமிக்கு அடியிலிருந்து நெருப்புக் குழம்பு மேலே ஏறி வந்து பாறைக்குள் புகுந்து நிற்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற பாறை நன்றாக வெந்துபோகும். கொஞ்சம் தள்ளி இருப்பது அரை வேக்காடு. இன்னும் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகியிருக்காது.

"உங்க அடுப்பைச் சுத்தி மண்ணு வெந்து செவந்து கெடக்குமே, அந்தக் கதைதான்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எங்க அடுப்பு இப்ப இல்ல சார்" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கண்ணாத்தாளின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மதகை ஒட்டி இருந்தது. நிலம் ஊர்ப் பண்ணையார் இராஜாங்கத்துடையது. அவள் புருஷன் காத்தான் அவரிடம் பண்ணை வேலை பார்த்தவன். காத்தானின் அப்பன் காலத்திலிருந்து அங்கேதான் குடியிருப்பு. எழுபத்தொன்றில் குடியிருப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஜூன் மாதத்தில் எந்த விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருந்தாரோ, அந்த மனை அவருக்கே சொந்தம். கண்ணாத்தாள் பட்டா கேட்டு மனுக் கொடுத்தாள். மனு கிடப்பில் கிடந்தது. குறுவை அறுப்புக்கு அவளும் காத்தானும் பூதலூர்ப் பக்கம் போனார்கள். வருஷா வருஷம் போவதுதான். திரும்பி வந்தபோது வீடு இல்லை. வீடு இருந்த இடமும் இல்லை. மண்சுவரை இடித்துப் பரப்பி, உழுது, தண்ணீர் கட்டி, பரம்படித்து, சம்பா நட்டிருந்தார்கள். அம்மியும் சட்டிபானைகளும் வாய்க்கால் கரைமேல் வீசப்பட்டிருந்தன.

அது எப்போதும் நாற்றங்காலாக இருந்த வயல், அங்கே ஒருநாளும் யாரும் குடியிருந்ததில்லை என்று இராஜாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் கண்ணாத்தாளுக்காகச் சாட்சி சொன்னார்கள்தான். அத்தனை பேரும் செங்கொடிச் சங்கத்து ஆட்கள், ஒரே வாய் என்று வருவாய் ஆய்வாளர் ஒதுக்கிவிட்டார். ஊரில் அவருக்கு ஆர்.ஐ. என்றுதான் பெயர், இராஜாங்கத்தின் வீட்டு மோர் அவருக்குப் பிடிக்கும் என்றும் பேச்சு. ரேஷன் கார்டைக் காட்டினால், அதில் ஊர் பேர்தான் இருக்கிறது, மனை இல்லையே என்றார்.

"அடுத்த வாரம் தாசில்தார் நேர்ல வர்றாரு. வந்து என்னத்தப் பாப்பாரு? நட்ட பயிரைப் பாப்பாரு. எழுதிட்டுப் போவாரு. இந்தக் கரையும் பொதுப்பணித்துறைது. இங்கேருந்தும் கெளப்பிருவாங்க சார்."

நான் அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மீதிப் பாதி என் மண்டைக்குள் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"அடுப்பை எடுத்துட்டாங்க. சரி. அடுப்புக்கு அடியில இருந்த மண்ணை எடுத்தாங்களா?"

"அதை யாரு சார் எடுப்பா?"

"எப்படிப்பட்ட அடுப்பு அது?"

"சோறாக்குற அடுப்பு உள்ள. அதைவிட அதிகமா எரியிறது வாசல்ல இருந்த நெல் அவிக்கிற அடுப்புதான். குழி வெட்டி, நீளமா, ரெண்டு அண்டா வைக்கிறாப்புல. உமி போட்டு எரிப்போம். எரிய ஆரம்பிச்சா ஒருநாள் பூரா எரியும்."

குழி! நாட்டுக் கலப்பை ஒரு சாண் ஆழம் போகும், அவ்வளவுதான். குழியின் அடித்தளம் அதற்கும் கீழே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம். முதலில் அந்த மண்ணை நான் பார்த்தாக வேண்டும்.

மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போனேன். தாசில்தார் வைரக்கண்ணு ஓய்வு பெற நெருங்கிக்கொண்டிருந்தவர், அலுத்துப்போனவர், ஆனால் எதையும் கேட்டுவைத்துக்கொள்பவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "கல்லு படிச்சவருக்குச் சேத்துல என்ன வேலை?" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனதும் கையைக் காட்டி நிறுத்தி, "வாங்க, வந்து காட்டுங்க. உங்க டிபார்ட்மெண்டுக்கு நான் ரெண்டு வரி எழுதிடறேன்" என்றார்.

தாசில்தார் வந்த அன்று தூறல். ஜீப்பிலிருந்து இறங்குமுன்பே காலுறையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆர்.ஐ. குடை பிடித்தார். சங்கத்து ஆட்கள் ஒரு வரப்பில், இராஜாங்கத்தின் ஆட்கள் எதிர் வரப்பில். நடுவே இராஜாங்கம் வெள்ளை வெளேரென்று நின்றார். கோயில் தர்மகர்த்தா. ஆட்சி மாறியதும் கதரை விட்டுக் கரை வேட்டிக்கு வந்தவர். சேறு கார்னெட்டாக மாறக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். அவருக்கு ஒரு தேர்தல் போதுமாக இருந்தது.

"என்ன பாய், எங்க வயல்ல வைரம் எடுக்கப்போறீங்களாம்?" என்று கேட்டார். அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

கண்ணாத்தாள் மதகின்மேல் நின்று தன் வாசல் இருந்த திசையைக் காட்டினாள். எல்லாப் பக்கமும் ஒரே பச்சையாக நாற்றும் தண்ணீரும்தான். நான் கைத்துளைக் கருவியைக் கொண்டுபோயிருந்தேன். முறுக்கி இறக்கினால் அடிமண்ணை அள்ளிக்கொண்டு வரும் இரும்புத் திருகு அது. முதலில் போட்ட துளையில் கரிய களிமண் வந்தது. வெண்ணெய் போல வழவழவென்று, ஒரு குறையுமில்லாத காவிரிக் களிமண். கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அதே மண். இராஜாங்கம் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். காத்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

இன்னும் நாலைந்தடி மேற்கே நகர்ந்து முறுக்கினேன். ஒரு சாண் வரை வழவழப்பு. பிறகு கையில் கரகரவென்று ஒரு நடுக்கம் ஏறியது. முறுக்கியதை வெளியே இழுத்தேன். கரிய சேற்றின் நுனியில் செங்கல் நிறத்தில் ஒரு கட்டி.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மலையில் பிறந்தவனுக்கு இது புரியாது. கல்லே இல்லாத ஊரில் ஒரு வருஷம் காய்ந்து கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

தாசில்தார் அனுமதி கொடுத்தார். சுற்றிலும் சேற்றால் அணை போட்டு, தண்ணீரை இறைத்து, நாற்றைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மெதுவாக வெட்டினோம். முழங்கை ஆழத்தில் அது முழுசாகத் தெரிந்தது. ஓர் ஆள் நீளத்துக்குச் சிவந்து கிடந்தது மண். குறுக்கே ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் செதுக்கினேன். மேலே நல்ல சிவப்பு. அதற்குக் கீழே ஆரஞ்சு. அதற்கும் கீழே பழுப்பு. அப்புறம் மெல்ல மெல்லக் கறுத்து, பழைய களிமண்ணோடு கலந்துவிட்டது. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

"செங்கல்லை உடைச்சுப் பொதச்சு வச்சிருப்பாங்க சார்" என்றார் ஆர்.ஐ.

அதற்கு நான் தயாராக இருந்தேன். "செங்கல்லைப் பொதச்சா செங்கல்லு தனியா, மண்ணு தனியாத் தெரியும். இதுல பாருங்க, ஓரமே இல்ல. சூடு மேலேருந்து கீழே எறங்கியிருக்கு. கிட்ட இருந்தது நல்லா வெந்திருக்கு, தள்ளி இருந்தது கொஞ்சமா வெந்திருக்கு. மண்ணு இந்த எடத்துலயே இருந்து வெந்தாத்தான் இப்படி வரும்." பிறகு தாசில்தாரின் ஒரு கையில் கரிய மண்ணும் மறு கையில் சிவந்த மண்ணும் கொடுத்து, உருண்டை பிடிக்கச் சொன்னேன். அவரும் சின்னப் பிள்ளை போலப் பிடித்துப் பார்த்தார். கரியது உருண்டையானது. சிவந்தது எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிரக் குழையவில்லை.

"சூட்டுல இதோட கனிமத்துக்குள்ள இருந்த தண்ணி போயிருச்சு சார். இனி ஐப்பசி மழை மொத்தமும் இதுமேலயே பெஞ்சாலும் பழைய களிமண்ணாகாது. உள்ள இருக்குற இரும்பு காத்தோட சேந்து செவந்துருச்சு. நாத்தங்கால்ல இது நடக்காது. தண்ணி நின்ன எடம் வேகாது. ஒரு நாள் ரெண்டு நாள் நெருப்புலயும் இவ்வளவு ஆழம் போகாது. இங்க வருஷக்கணக்கா எரிஞ்சிருக்கு."

சங்கத்து வரப்பில் ஆரவாரம். தாசில்தார் தலையை ஆட்டினார். இராஜாங்கம் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தார். கண்ணாத்தாள் குழியோரத்தில் வந்து நின்றாள்.

அப்போது ஆர்.ஐ. தொண்டையைக் கனைத்தார். எஜமானுக்கு விசுவாசம் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்திருப்பார். "நெருப்பு எரிஞ்சிருக்கு, ஒத்துக்கறேன். அடுப்புன்னு எப்படிச் சொல்றது? நீளத்தைப் பாருங்க, ஆறடி. பொணம் எரிச்ச எடமா இருந்தா? ஒரே எடத்துல திரும்பத் திரும்ப எரிச்சிருந்தா மண்ணு இதே மாதிரிதானே செவக்கும்? நிபுணர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன். அது உண்மையிலேயே ருசியான கேள்வி. சாம்பல் இருந்தால் உமியா விறகா என்று சொல்லியிருக்கலாம். அதை உரத்துக்கு அள்ளிப் போயிருந்தார்கள். குழியின் மேல் பகுதியைக் கலப்பை கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது சூடு பட்ட அடித்தளம் மட்டும். எந்தெந்த நெருப்புக்கு எவ்வளவு சூடு, எத்தனை நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்டிய பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னேன்.

"ஆமா. திரும்பத் திரும்ப எரிச்சிருந்தா பொணம் எரிச்ச எடத்துலயும் இப்படி வரலாம். மண்ணுக்குச் சூடுதான் தெரியும். எதுக்காக எரிச்சாங்கன்னு தெரியாது."

சங்கத்து வரப்பிலிருந்து "என்ன சார் இப்படிக் கவுத்துட்டீங்க" என்று யாரோ முணுமுணுத்தார்கள். தாசில்தார் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். ஆர்.ஐ. உற்சாகமாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: "மேற்படி வயலில் நெருப்பு எரிந்த தடம் காணப்படுகிறது. மேற்படி இடம் முன்பு சுடுகாடாக இருந்திருக்கலாம் என்று..."

"என்னய்யா சொன்ன?"

இராஜாங்கத்தின் குரல். நான் அப்போதுதான் நிமிர்ந்தேன். அவர் முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது.

"சுடுகாடா? எந்த வயலைச் சுடுகாடுங்குற? மாரியம்மனுக்குப் புதுநெல்லு இந்த வயல்லேருந்துதான்யா போகப்போவுது! நாளைக்கு ஊரு என்னை என்ன பேசும்? பொணம் எரிச்ச எடத்துல வெளஞ்சதை ஆத்தாளுக்குப் படைச்சவன்னு பேசாது?"

"ஐயா, இது ஒரு பேச்சுக்கு..." ஆர்.ஐ. கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். குடையைக்கூட ஆட்டிக் காட்டினார். பிரயோஜனமில்லை.

"என்னய்யா பேச்சு? எங்க வீட்டு நெல்லு அவிச்ச அடுப்புய்யா அது! இவ மாமியா காலத்துலேருந்து எங்க வீட்டுச் சோத்துக்கு நெல்லு அவிஞ்சது இவ வீட்டு வாசல்லதான். மில்லு அரிசியை நாங்க வாயில வச்சதே கெடையாது. போன வருசம் வரைக்கும் இவதான் அவிச்சா. கேட்டுப் பாரு அவளை! சுடுகாடாம்ல, சுடுகாடு!"

தாசில்தார் எழுதிய வரியை நிதானமாக அடித்தார்.

"இவ வீட்டு வாசல்லன்னு சொன்னீங்க. எந்த வீடுங்க?" என்று கேட்டார், மிக மரியாதையாக.

இராஜாங்கம் ஆர்.ஐ.யைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அந்த மனுஷன் சாம்பலாகாமல் போனதே பெரிய விஷயம். மேலே பேசினால் வீடு. பேசாவிட்டால் சுடுகாடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஏறி நடந்துவிட்டார். வேறு வழியில்லாமல், சுடுகாட்டுப் பேச்சை நிறுத்தினால் போதும் என்று, அங்கே கண்ணாத்தாளின் வீடு இருந்ததாக எழுதிய வாக்குமூலத்தில் சாயங்காலம் கையெழுத்துப் போட்டார்.

தையில் கண்ணாத்தாளுக்குப் பட்டா வந்தது. செய்தி கேட்டபோது நான் மன்னார்குடியில் இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகவே பஸ் ஏறினேன். உள்ளதைச் சொல்கிறேன், நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்றுதான் போனேன். உண்மையைச் சொன்னேன், உண்மையே ஜெயித்தது என்று வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன்.

சம்பா அறுத்த வயலின் ஓரத்தில் அவள் சுவர் வைத்துக்கொண்டிருந்தாள். காத்தான் மண் மிதித்துக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கி அடுக்கினாள். இடுப்பு உயரம் வந்திருந்தது சுவர். வாங்க என்று காத்தான்தான் சொன்னான். அவள் கைமண்ணை வைத்து முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"பாய், உங்களை ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"அன்னைக்கு ஆர்.ஐ. கேட்டப்ப, பொணம் எரிச்சாலும் இப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்க."

"அதைச் சொல்லப்போய்த்தானேம்மா இராஜாங்கம் வாயை விட்டாரு!" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவரு வாயை விடுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் சொன்னீங்க."

"ஆமா. ஆனா அது உண்மைம்மா. பொய் சொல்லியிருந்தா..."

"பொய் சொல்லச் சொல்லலை. உண்மையத்தான் சொல்லணும், எனக்கும் தெரியும். அவரு பேசாம நின்னிருந்தா, நீங்க அந்தத் திருகை எடுத்துக்கிட்டு லாரியில ஏறிப் போயிருப்பீங்க. நாங்க கரையிலயே கெடந்திருப்போம். அதைக்கூட நான் ஒண்ணும் சொல்லலை. அந்த வார்த்தையச் சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்ல? நான் பக்கத்துலதான நின்னேன். குழியோரத்துல. மண்ணையே பாத்துக்கிட்டுச் சொன்னீங்க. எங்கிட்ட இருந்து ஒரு வீடு போவுதுன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. அதான் எனக்கு இன்னும் ஆறலை."

காத்தான் மிதிப்பதை நிறுத்திவிட்டு, "விடு கண்ணாத்தா" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புறங்கையில் இருந்த சேறு கன்னத்தில் ஒட்டியது.

பஸ்ஸில் தயார் பண்ணிக்கொண்டு வந்த அத்தனையும் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது.

"மண்ணு காயறதுக்குள்ள இந்த வரிசையை முடிக்கணும்" என்றாள். "உக்காருங்க. சோறு இருக்கு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தேன். அவள் குனிந்து மண்ணை வாங்கினாள், நிமிர்ந்து வைத்தாள், தட்டினாள். அவள் முகத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். அதுவரைக்கும் யாரோ வயதான அம்மா என்று நினைத்துக்கொண்டுதான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.